அச்சத்தின் அளவும் நகையின் எல்லையும்: ‘அரக்னபோபியா’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

நகையும் அச்சமும் தம்முள் மாறுபட்ட சுவைகள் என்பது வடமொழி அணிநூலார் கொள்கை. கி. பி. 14 ஆம் நூற்றாண்டினரான விசுவநாதர் தமது சாகித்திய தர்ப்பணத்தில், நகைச்சுவைக்குப் பகையாவன அச்சமும் அவலமும் என வகுத்துரைத்தார். அஞ்சி நடுங்குபவன் சிரிப்பதில்லை. வாய்விட்டுச் சிரிப்பவனிடத்து அச்சம் நிலைப்பதில்லை. ஆதலின் ஒன்று தலையெடுக்குமிடத்து மற்றொன்று மறையும் என்பது அக்கொள்கையின் கருத்தாகும். ஆயினும் திரைப்படக் கலை இவ்விரு பகைச்சுவைகளையும் ஒரே கலத்தில் வார்த்துத் தரத் துணிந்துள்ளது. தமிழிலும் ராகவா லோரன்ஸ் இயக்கிய முனி (2007), காஞ்சனா (2011) முதலிய படங்கள் பேய்க்கதையோடு நகைச்சுவையைப் பிணைத்துப் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. பகைச்சுவை இரண்டும் ஒருங்கு நிற்றல் எங்ஙனம் கூடும்? நின்றவிடத்து அதனாற் காண்போர் எய்தும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஏற்றதொரு படம், 1990 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ‘அரக்னபோபியா’ என்பதாகும். கிரேக்க மொழியில் ‘அரக்னே’ என்பது சிலந்தியையும், ‘போபோஸ்’ என்பது அச்சத்தையும் குறிக்கும். சிலந்தியச்சம் என்பதே தலைப்பின் பொருள்.

இப்படத்திற்கும் கண்டி மாநகருக்கும் மறைமுகமானதொரு தொடர்பு உண்டு. 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படத்தை ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் இயக்கினார். கதை இந்தியாவில் நிகழ்வது; எனினும் திரைக்கதையின் சில பகுதிகளை இந்திய அரசாங்கம் ஏற்க மறுத்தமையாற் படக்குழுவினர் இலங்கையை நாடினர். 1983 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் கண்டியிற் படப்பிடிப்புத் தொடங்கிற்று. கதையில் வரும் கிராமம் ஹந்தானை மலைச்சாரலில் அமைக்கப்பட்டது. மகாவலியின் மீது விக்டோரியா அணை எழுந்துகொண்டிருந்த இடத்திற்கு அணித்தே, ஆழ்ந்த பள்ளத்தாக்கின் குறுக்கே கயிற்றுப்பாலம் கட்டப்பட்டது. சிங்களத் திரையுலகில் நன்கறியப்பட்ட டீ. ஆர். நாணயக்கார அப்படத்தில் ஊர்ப்பெரியவராக நடித்தார். அதன் நிருவாகத் தயாரிப்பாளர் இருவருள் ஒருவர் பிராங் மார்ஷல். அவரே ஆறாண்டுகளின் பின்னர் ‘அரக்னபோபியா’வை இயக்கினார், அவர் இயக்கிய முதற்படம் அதுவே.

இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து. முன்னைய படத்தில் இருண்ட சுரங்கவழியொன்றிற் கதைத்தலைவியின் மேனியெங்கும் பூச்சிகள் ஊர்கின்றன. அவள் அலறுகின்றாள், காண்போர் அருவருத்தவாறே நகைக்கின்றனர். இக்காட்சி கண்டியில் எடுக்கப்பட்டதன்று. இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ கலையகத்தில் அமைக்கப்பட்டது. அரண்மனை விருந்துக் காட்சியோ இன்னும் ஒருபடி கீழிறங்குகின்றது. வண்டும், பாம்பும், குரங்கின் மூளையும் இந்தியரின் உணவாகக் காட்டப்படுகின்றன. ஈண்டு எழும் நகை, அயலானொருவனைத் தாழ்த்தி அவன்மேல் எறியப்படும் நகை. தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறினார். அவற்றுள் எள்ளல், தான் பிறரை எள்ளுதலும் பிறர் தன்னை எள்ளுதலும் என இருதிறப்படும் என்பது உரையாளர் விளக்கம். கண்டி மலைகளைப் பின்னணியாகக் கொண்ட படம் முதல்வகை எள்ளலோடு அமைந்துவிட்டது. ‘அரக்னபோபியா’வோ இரண்டாம் வகையை நோக்கிச் செல்ல முயல்கின்றது. தன் அச்சத்தைத் தானே நகைத்துக் காண்பதே அதன் குறிக்கோள். அம்முயற்சியின் வெற்றியும் குறைபாடும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

கதையைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். வெனிசுவேலா நாட்டின் அடர்காட்டில் ஆராய்ச்சி நடத்தும் பூச்சியியல் அறிஞர் அதேர்ட்டன், முன்னர் அறியப்படாத கொடிய சிலந்தி இனமொன்றைக் காண்கின்றார். குழுவினருடன் சென்ற புகைப்படக்காரர் சிலந்தி கடித்து இறக்கின்றார். அவரது உடலை அவர் பிறந்த ஊராகிய கலிபோர்ணியாவின் கனைமா என்னும் சிற்றூருக்கு அனுப்புகின்றனர். சவப்பெட்டிக்குள் அச்சிலந்தியும் பயணஞ் செய்கின்றது. ஊரை அடைந்ததும் அது உள்ளூர்ச் சிலந்தியோடு கூடி இனம் பெருக்குகின்றது. அதன் கூடு அமைந்த இடம், சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து அண்மையிற் குடியேறிய வைத்தியர் ஜெனிங்ஸ் என்பாரின் களஞ்சியம். சிறுகுழந்தையாகத் தொட்டிலிற் கிடந்தபோது தம்மேல் ஊர்ந்த சிலந்தியை மறக்கவியலாத அவர், சிலந்தியைக் கண்ட மாத்திரத்தே உடல் விறைப்பவர். ஊரில் ஒருவர்பின் ஒருவராக மக்கள் இறக்கின்றனர். முதலில் மாண்ட மூதாட்டி, புதிய வைத்தியரை நம்பி வந்த முதல் நோயாளி. ஊரார் அவரை மரண வைத்தியர் எனப் பெயரிட்டு ஒதுக்குகின்றனர். இறுதியில் உண்மை வெளிப்படுகின்றது. வீட்டின் நிலவறையிற் சிலந்தியோடு தனித்துப் பொருது வைத்தியர் வெல்கின்றார். ஜெவ் டானியல்ஸ் வைத்தியராகவும், ஜோன் குட்மன் பூச்சியொழிப்பாளர் டெல்பேர்ட்டாகவும், ஜூலியன் சான்ட்ஸ் அறிஞர் அதேர்ட்டனாகவும் நடித்தனர்.

பகைச்சுவைகளை ஒருங்கமைக்கும் முறை பற்றி 9 ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர் தமது துவன்யாலோகத்தில் ஆராய்ந்துள்ளார். ஒரே நிலைக்களனில் மோதும் இரு சுவைகளை வெவ்வேறு நிலைக்களன்களில் வைத்தால் முரண் நீங்கும் என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று. தலைவனிடத்து வீரமும் அவன் பகைவனிடத்து அச்சமும் அமைந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது, மாறாக வளர்க்கும். கலிபோர்ணியச் சிற்றூர்க்கதை எடுத்தோர் இந்நூலை அறிந்திருத்தல் அரிது. எனினும் அவர்கள் கையாண்ட முறை இதுவே. அச்சம் வைத்தியர்பால் வைக்கப்பட்டது. நகை டெல்பேர்ட்பால் வைக்கப்பட்டது. நஞ்சு தெளிக்கும் கருவியை ஏந்திப் படைத்தலைவனைப் போல நடக்கும் டெல்பேர்ட், கரப்பானையும் சிலந்தியையும் பெரும்பகையாகக் கருதிப் பேசுகின்றான். சிறுபொருள்மேற் செல்லும் பெருமிதம் ஆதலின் அது நகையாகின்றது. கற்றறிந்த வைத்தியர் நடுங்க, கல்லாத தொழிலாளி நிமிர்ந்து நிற்கின்றான். வைத்தியரின் நடுக்கம் டெல்பேர்ட்டின் நிமிர்வாற் பெரிதாகத் தோன்றுகின்றது. டெல்பேர்ட்டின் நிமிர்வு வைத்தியரின் நடுக்கத்தால் நகைக்குரியதாகின்றது. பகைச்சுவைகள் ஒன்றையொன்று வளர்த்தல் என்பது இதுவே.

இதனினும் நுண்ணிய திறன் பொருள்களைப் பயன்படுத்தியமையிற் காணப்படுகின்றது. சிலந்தி மறைந்திருக்கும் இடங்கள் யாவை? மேசை விளக்கு, காலணி, விளையாட்டு வீரனின் தலைக்கவசம், பொரி நிறைந்த கிண்ணம், குளியலறை. ஒவ்வொன்றும் அன்றாடம் கைபடும் பொருள் அல்லது புழங்கும் இடம். சிலந்தி அங்கிருத்தலைக் காண்போர் அறிவர், கதைமாந்தர் அறியார். கை கிண்ணத்துட் செல்லுந்தோறும் காண்போர் மூச்சை அடக்குகின்றனர். வெறுங்கையாக மீளுந்தோறும் சிரிக்கின்றனர். அச்சம் ஏறியவிடத்திலேயே நகை பிறக்கின்றது. அந்நகை அச்சத்தை அழிப்பதன்று. அதனை உரிய அளவில் நிறுத்துவது. விரல் நுனியளவு உயிரொன்றுக்காக அரங்கு முழுவதும் நடுங்கியதை அரங்கு தானே உணர்ந்து நாணிச் சிரிக்கின்றது. தன்னைத் தான் எள்ளும் நகை ஈண்டு முழுமையாக அமைந்துவிடுகின்றது.

தமிழ்ப் பேய்ப்படங்களோடு ஒப்புநோக்கின் வேறுபாடு தெளிவாகும். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் கூறும். முனியும் காஞ்சனாவும் அணங்கால் எழும் அச்சத்தைக் கொண்டவை. பேய்க்கு அஞ்சித் தாயின் துணை நாடும் இளைஞனே அவற்றில் நகைக்கு நிலைக்களனாவான். அப்பேயோ தனக்கிழைக்கப்பட்ட கொடுமைக்கு நீதி வேண்டி வந்தது. அதன் வரலாறு வெளிப்பட்டதும் அச்சம் இரக்கமாக மாறுகின்றது. ‘அரக்னபோபியா’ விலங்கால் எழும் அச்சத்தைக் கொண்டது. சிலந்திக்கு வரலாறு இல்லை, முறையீடும் இல்லை. அதனாற் படத்தின் முடிவில் இரக்கத்திற்கு இடமில்லை; எரித்தல் ஒன்றே எஞ்சுகின்றது. படத்தின் குறைபாடு இவ்விடத்தே தோன்றுகின்றது.

கனைமா ஊரின் நடத்தையை நோக்குக. பழைய வைத்தியர் மெற்காப் சொன்னதே வேதம். புதியவர் சொல் ஏற்கப்படுவதில்லை. முதல் மரணம் மாரடைப்பால் நிகழ்ந்தது என மெற்காப் கூற, உடலை அறுத்து ஆராய்தல் வேண்டுமென்னும் புதியவரின் வேண்டுகோள் தள்ளப்படுகின்றது. பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தலை மடன் என்பர் உரையாளர். ஊராரின் மடன் படத்திற் சிறந்த நகைக்கு இடமாகின்றது; அதே மடன் அடுத்தடுத்த மரணங்களுக்கும் காரணமாகின்றது. அயலிலிருந்து வந்தவன் என்னும் ஒன்றே குற்றமாகக் கொள்ளப்படும் கொடுமையைப் படம் நன்கு உணர்ந்து காட்டுகின்றது. ஆயின் அக்குற்றச்சாட்டிலிருந்து வைத்தியரை விடுவிப்பது எது? உண்மைக் குற்றவாளி வேறொரு அயலான் என்னும் கண்டுபிடிப்பே. தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்த சிலந்தி உள்ளூர்ச் சிலந்தியோடு கலந்ததனாலேயே கேடு விளைந்தது எனக் கதை கூறும். அயலானை ஐயுறுதல் தவறு என ஒரு கையாற் கற்பிக்கும் படம், அயலிலிருந்து வருவதே நஞ்சு என மறுகையாற் கற்பிக்கின்றது. ஊரார் திருந்தியதாகத் தோன்றவில்லை. ஐயுறும் பொருளை மாத்திரம் மாற்றிக்கொண்டனர்.

இக்குறை மலைநாட்டுத் தமிழ் வாசகருக்கு எளிதிற் புலப்படும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அந்நிலையின் எச்சத்தைச் சுமந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு ‘வந்தேறி’ என்னும் சொல்லின் கனம் தெரியும். அச்சம் பரவிய ஊர் என்ன செய்யும் என்பதும் இந்நாட்டிற் காணப்படாததன்று. 2011 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ‘கிறீஸ் பூதம்’ என்னும் பீதி தோட்டப்புறங்களிலும் கிழக்கு மாகாணத்திலும் பரவிற்று. ஐயத்திற்குள்ளானோர் தாக்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அந்நாட்களில் நகைத்தற்கு இடமிருக்கவில்லை. அச்சத்தை அளவில் நிறுத்தும் நகை இல்லாத ஊரில், அச்சம் தனக்கொரு குற்றவாளியைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு அது சான்று.

இனி, சிலந்தியைப் பற்றிய படத்தின் அறிவியல் எத்தகையது? தேனீக்களிடத்துப் போல அரசியும் போர்வீரரும் சிலந்திகளிடத்து உண்டெனக் கதை கூறுவது கற்பனை. கடித்த சில நொடிகளில் மனிதர் மாள்வதும் கற்பனையே. நஞ்சிற் கொடியதெனக் கருதப்படும் சிட்னிப் புனல்வலைச் சிலந்திக்கு 1981 ஆம் ஆண்டில் மாற்றுமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் அதன் கடியால் மரணம் நேர்ந்ததாக உறுதிசெய்யப்படவில்லை. படத்தில் நடித்த சிறு சிலந்திகளின் வரலாறோ கதையினும் சுவையானது. அவை நியூசிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட ‘அவொண்டேல்’ சிலந்திகள். மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. ஒன்றையொன்று கொல்லாது கூட்டமாக வாழும் இயல்பின. அவற்றின் தாயகம் அவுஸ்திரேலியா. ஓக்லாந்து நகரின் அவொண்டேல் என்னும் புறநகரில் எவ்வாறோ குடியேறி, எவருக்கும் இடையூறின்றி அங்குப் பெருகியவை. அயலான் கொல்வான் என்னுங் கதையை, அயலிற் குடியேறி அமைதியாக வாழ்ந்த உயிர்களைக் கொண்டே எடுத்துள்ளனர். படத்தினும் படப்பிடிப்பே உண்மையை நன்கு அறிந்திருந்தது போலும்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளிலும் பெருஞ்சிலந்திகள் உண்டு. சிங்களத்தில் ‘திவிமகுளுவா’, அஃதாவது சிறுத்தைச் சிலந்தி, என வழங்கும் மயிரடர்ந்த அவ்வினம் மரப்பொந்துகளில் வாழ்வது. மழைக்காலத்தில் எப்போதாவது வீட்டுச் சுவரிற் காணப்படுவது. அதன் கடியாற் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும். மரணம் நேர்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை. இவ்வினத்துள் ஒருவகை கண்டி மாவட்டத்திலிருந்து பெறப்பட்டு 1996 ஆம் ஆண்டிலேதான் அறிவியல் உலகிற்கு விவரித்துரைக்கப்பட்டது. காடு அழிதலாலும், அயல்நாட்டார் வளர்ப்புக்காக வாங்குதலாலும் இவ்வினம் அருகி வந்தமையின், 2019 ஆம் ஆண்டில் அதன் வாணிகம் பன்னாட்டு உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டது. கனைமா ஊரில் அயற்சிலந்தி மனிதரை அழித்தது. கண்டி மலைகளில் மனிதரே சிலந்தியை அழிக்கின்றனர். அச்சத்தின் அளவை அறியாதவன் கையில் விளக்குமாறும் படைக்கலமாகும்.

சைவ மரபு சிலந்தியை வேறோர் கண்கொண்டு நோக்கிற்று. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தின் கீழ் எழுந்தருளிய இறைவன்மேற் சருகு விழாதவாறு வலைப்பந்தர் இழைத்த சிலந்தி, மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழராகத் தோன்றி மாடக்கோயில்கள் பல எடுத்தது எனச் சேக்கிழார் கூறும் வரலாறு யாவரும் அறிந்தது. திருக்காளத்தியின் பெயரிலும் பாம்பு, யானை ஆகியவற்றோடு சிலந்திக்கு இடமுண்டு. முண்டக உபநிடதமோ, பரம்பொருளிலிருந்து உலகம் தோன்றி ஒடுங்குவதற்குச் சிலந்தி நூலை வெளியிட்டு உள்வாங்குதலை உவமையாக்கிற்று. இவற்றைக் கூறுதல் அமெரிக்கப் படத்தைப் புராணங்கொண்டு பழித்தற்கன்று. ஓருயிர்மேல் அச்சமன்றி வேறொரு நோக்குஞ் செல்லுதல் கூடும் என்பதற்கு அவை சான்றாகும். அறிஞர் அதேர்ட்டன் அச்சிலந்தியை வியந்து நோக்கியவர். மருட்கை என்னும் மெய்ப்பாட்டிற்குப் படத்தில் உரியவர் அவர் ஒருவரே. அவரைக் களஞ்சியத்து வலையிற் சிக்கவைத்துக் கொன்றதன் வாயிலாகப் படம் வியப்பைத் தண்டித்துவிட்டது.

நகையின் எல்லை யாது என்னும் வினா எஞ்சுகின்றது. ‘அரக்னபோபியா’ நகைப்பிக்கின்றது, ஏனெனில் அரங்கில் அமர்ந்திருப்போர் எவரும் அத்தகைய சிலந்தியாற் கடியுண்டு மாளப் போவதில்லை. பாதுகாப்பு உள்ளவிடத்தே நகை பிறக்கும். கண்டியையும் அதன் அயலையும் சேர்ந்த தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுதலும், அவர்களுட் சிலர் உயிர்துறத்தலும் செய்தித்தாள்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவன. பராமரிப்பின்றிக் காடாகிய மலைகளிலும், உயர்ந்த மரங்களிலும், பாறையிடுக்குகளிலும் குளவியும் மலைத்தேனீயும் கூடு கட்டுகின்றன. கூட்டைக் கண்ட தொழிலாளி அம்மலையில் இறங்க அஞ்சுவாளாயின், அவ்வச்சம் பேதைமை அன்று. அளவு கடந்ததும் அன்று. அன்றைய கூலியோ அம்மலையிலேயே உள்ளது. அவளது நடுக்கத்தை ஒருவன் திரையிலேற்றி நகைப்புக்குரியதாக்குவானாயின், அது கலையாகாது, கொடுமையாகும். சிறிய உயிர் பெரிய உடலைக் கொல்லுதல் அமெரிக்கச் சிற்றூருக்குக் கற்பனை. மலைநாட்டுத் தோட்டத்திற்கு அன்றாட வாழ்வு.

ஆதலின் பகைச்சுவை இரண்டும் ஒருங்கு நிற்றற்குரிய விதியை இவ்வாறு வகுத்துரைக்கலாம். அச்சம் அளவு கடந்ததாயின், அஞ்சுபவன் தானே தன்னை நகைத்தல் அழகு. அந்நகை அவனை அறிவுக்கு மீட்கும். அச்சம் உண்மையானதாயின், அதற்குரிய விடை நகையன்று, காப்பு. அயலவன் ஒருவனைக் காட்டி எழுப்பும் அச்சமாயின், நகையும் அதற்குத் துணைபோதல் தகாது. முதல்வகைக்கு ‘அரக்னபோபியா’ சிறந்த எடுத்துக்காட்டு. கயிற்றுப்பாலம் கட்டிப் படமெடுத்துச் சென்றோர் இந்நாட்டு மக்களை எள்ளி நகைத்த நிலையிலிருந்து, தம் நெஞ்சின் நடுக்கத்தையே எள்ளி நகைக்கும் நிலைக்கு வந்தமை வளர்ச்சியே. மூன்றாம் வகையில் அப்படம் வழுக்கியது. தன் வைத்தியருக்கு வழங்கிய நீதியைத் தன் சிலந்திக்கு வழங்க மறந்தது.

படத்தின் இறுதிக்காட்சி இவ்விடத்து நினைக்கத்தக்கது. சிலந்திக்கு அஞ்சிச் சிற்றூரை விட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு மீண்ட வைத்தியரும் மனைவியும், தம் வீட்டில் நிலநடுக்கத்தின் அதிர்வை உணர்கின்றனர். அதனை அவர்கள் பழகிய ஒன்றாக ஏற்றுக்கொள்கின்றனர். ஒரு பெருநகரையே விழுங்கவல்ல நிலநடுக்கம் அவர்களை அச்சுறுத்தவில்லை. உள்ளங்கையளவு சிலந்தி ஊரைவிட்டு ஓட்டியது. பழகிய பெருங்கேட்டுக்கு அஞ்சாமையும் பழகாத சிறுவுயிருக்கு அஞ்சுதலும் மனித இயல்பு என்னும் உண்மையை இக்காட்சி ஒரு புன்னகையிற் கூறிவிடுகின்றது. மலைநாட்டு வாசகர் அதனோடு பிறிதொன்றையும் சேர்த்து எண்ணுதல் தகும். சுவரிற் கண்ட சிலந்தியை அடிக்க எழும் கை, தேயிலை மலையின் குளவிக்கூட்டை அகற்றுமாறு கேட்டு எத்தனை முறை எழுந்தது என்பதே அது.